ஒரு நாள் மதுரை: நடையா, ஆட்டோவா, காரா?

"ஒரே ஒரு நாள்தான் இருக்கு, மதுரையில என்னென்ன பார்க்கலாம்?" என்று வெளியூர்ச் சொந்தங்கள் போன் போட்டால், "எத்தனை மணிக்கு வந்து இறங்குறீங்க?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் எல்லார் கையிலும் இருக்கிறது: மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், கொஞ்சம் தள்ளித் திருப்பரங்குன்றம், அழகர்கோவில். நாள் வீணாய்ப் போவது நேரக்கணக்கில்தான்.

மீனாட்சி கோயில் நடை பகல் 12.30 மணிக்குச் சாத்தினால் திரும்பத் திறக்க மாலை 4 ஆகிவிடும். கூடலழகர் பெருமாள் கோயில், திருப்பரங்குன்றம், அழகர்கோவில் எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்பின்னாக இதே கதைதான். நாளின் நடுவே மூன்றரை மணி நேரம், அதுவும் மதுரை வெயிலில், கோயில் எதுவும் கிடையாது. அந்த நேரத்தை எங்கே வைத்துக் கழிப்பது என்பதை வைத்துத்தான் கீழே சொல்லும் மூன்று வழிகளையும் எடைபோடுகிறேன்.

முதல் வழி, மாசி வீதிகளுக்குள்ளேயே நடந்து பார்ப்பது. இரண்டாவது, ஆட்டோ பேசிக்கொண்டு நகரத்துக்குள் நாலைந்து இடம் சுற்றுவது. மூன்றாவது, நாள் வாடகைக்குக் கார் எடுத்து ஊருக்கு வெளியே உள்ள மலைக்கோயில்களையும் சேர்த்து முடிப்பது. டிராவல்ஸ்காரர்கள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் முன்னே வைப்பார்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கார் சுற்று

காகிதத்தில் பார்த்தால் இதுதான் நிறைவான திட்டம். காலையில் திருப்பரங்குன்றம், அடுத்து அழகர்கோவில், மேலே பழமுதிர்ச்சோலை, மதியச் சாப்பாடு, மஹால், மாலையில் மீனாட்சி. அறுபடை வீட்டில் இரண்டு, கூடவே ஒரு திவ்யதேசம். யாருக்குத்தான் ஆசை வராது?

சிக்கல் திசையில் இருக்கிறது. திருப்பரங்குன்றம் நகருக்குத் தென்மேற்கே 8 கி.மீ. அழகர்கோவில் வடக்கே 21 கி.மீ. இரண்டுக்கும் நடுவில் மொத்த மதுரையும் கிடக்கிறது. காலை ஏழு மணிக்குக் குன்றத்தில் குடைவரைக் கருவறை முன்னால் நின்றாலும், வரிசை முடிந்து, டிபன் முடிந்து, நகரைக் கடந்து அழகர்கோவில் போய்ச் சேரும்போது பத்தரையைத் தாண்டிவிடும். அங்கே பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியை நின்று கும்பிடவும், தோசைப் பிரசாதம் வாங்கவும், மேலே ஏறி நூபுரகங்கையும் பழமுதிர்ச்சோலையும் பார்க்கவும் ஒன்றரை மணி நேரம் எந்த மூலைக்கு? ஏதாவது ஒன்று நடை சாத்திவிடும். மாலையில் மீனாட்சி கோயிலுக்கு வரும்போது ஆளுக்கு ஆள் கால் வலி, பிள்ளைகள் தூக்கம். வந்த காரியமே அந்தக் கோயில்தான், அதை முக்கால் மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

கார் வாடகையில் கிலோமீட்டர் வரம்பு, டிரைவர் பேட்டா, பார்க்கிங் என்று தனித்தனியாக ஏறும். நாலைந்து பேர் பங்கு போட்டால் தலைக்குப் பெரிதாகத் தெரியாது என்பது உண்மை.

என் கணக்கில் கார் சுற்று இரண்டாம் முறை வருபவர்களுக்கானது. மீனாட்சி கோயிலை ஏற்கெனவே ஆறஅமரப் பார்த்தவர்கள், காலையில் அழகர்கோவில் பக்கம் மட்டும் போய்விட்டு, உச்சிவெயில் நேரத்தில் கீழடி அருங்காட்சியகத்துக்கு வண்டியைத் திருப்பலாம். 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டுப் பாணியில் கட்டிய கட்டடம், அகழாய்வில் கிடைத்த பானை ஓடு, மணி, தாயக்கட்டை எல்லாம் உள்ளே இருக்கிறது. கோயில் பக்கம் விருப்பம் இல்லாத ஆள் என்றால் விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரமும் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும்; ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. நடை சாத்துகிற பேச்சே இல்லை, ஆனால் ஒன்பது மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும்.

ஆட்டோ சுற்று

நடுத்தர வழி, பெரும்பாலான குடும்பங்கள் கடைசியில் இதில்தான் வந்து நிற்கின்றன. கோயில், மஹால், காந்தி மியூசியம், தெப்பக்குளம். எல்லாம் நகருக்குள்ளேயே. மீட்டர் என்ற பேச்சுக்கு இடமில்லை, பேசித்தான் ஏறவேண்டும். "மொத்தமா இவ்வளவுண்ணே" என்று முழு நாளைக்குப் பேசுவதைவிட, இடத்துக்கு இடம் தனித்தனியாகப் பேசுவதே மேல் என்பேன். ஒரு ஆட்டோ வெளியே காத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் உள்ளே நாம் நின்று பார்க்கமாட்டோம், வாசலையே நினைத்துக்கொண்டிருப்போம். டவுனுக்குள் ஆட்டோவுக்குப் பஞ்சமில்லை, போனில் ஆப் வைத்தும் கூப்பிடலாம்.

சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். கோயிலுக்கு எப்படியும் கடைசிக் கொஞ்ச தூரம் நடைதான். அந்த நடையில், "மாடிக்கு வாங்க சார், நாலு கோபுரமும் நல்லாத் தெரியும், காசு வேண்டாம்" என்று கைவினைப்பொருள் கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். கோபுரம் நிஜமாகவே நன்றாகத் தெரியும். இறங்கும்போது கம்பளம் விரிப்பார்கள்.

இந்தச் சுற்றின் பெரிய பலம் அந்த மூன்றரை மணி நேரத்துக்கு விடை வைத்திருப்பது. மஹாலும் மியூசியமும் கோயில் சாத்தியிருக்கும் நேரத்தில் பார்க்கவென்றே அமைந்தவை போல இருக்கின்றன. மஹால் காலை 9 முதல் மாலை 5 வரை. 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் கால்பங்குதான். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்பது வரலாறு. மிஞ்சியதைச் சீர்செய்தது 1860-களில் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. முற்றத்தில் நின்று ஒரு தூணை மட்டும் அடியிலிருந்து மேலே பாருங்கள். கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். கைக்கு எட்டும் உயரம் வரை பெயர் கிறுக்கிய நம் ஜனங்களின் கைவரிசை, அதற்கு மேலே வெறும் வெள்ளைச் சுதை, உச்சியில் வளைவுகளில் யாளிகள், நடுவே புறா. உள்ளே சொர்க்க விலாச மண்டபத்தில் வெளியைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். ஒலி ஒளிக் காட்சி அன்று மாலை உண்டா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காந்தி மியூசியத்துக்கு ஒரு மணி நேர மதிய இடைவேளை உண்டு, 1 முதல் 2 வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. அந்த அறைக்குள் போனதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

தெப்பக்குளம் இந்தச் சுற்றில் பலவீனமான கண்ணி என்று சொன்னால் மதுரைக்காரர்கள் அடிக்க வருவார்கள். 1645-ல் வெட்டிய குளம். மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்பார்கள். மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் இதைத் தோண்டும்போது கிடைத்தவராம். தைப்பூசத்தை ஒட்டித் தெப்பம் ஓடும்போது பார்க்கவேண்டிய இடம்தான். மற்ற நாளில் மதியம் இரண்டு மணிக்கு அங்கே போய் நின்று என்ன செய்வது? வெயில் இறங்கிய பிறகு, ஐந்து மணிக்கு மேல் போனால் காற்று வரும், தண்ணீர் நிறைந்திருந்தால் நடு மண்டபத்தின் நிழல் விழும், சுண்டலும் கிடைக்கும்.

நடை

செருப்பு நல்லதாக இருந்தால் எனக்குப் பிடித்தது இதுதான். ரயில்வே ஸ்டேஷன் வாசலிலிருந்து டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால் மேலக் கோபுரம் கண்ணெதிரே வளர்ந்துகொண்டே வரும். ஊரின் அமைப்பே நடப்பவருக்காக வரைந்தது. நடுவே கோயில், அதைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரில்தான் இன்றைய பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். பிளாக்பர்ன் நினைவுக்கு நட்டதுதான் விளக்குத்தூண். அந்தப் பெயரை ஜிகர்தண்டாவுக்கு அடையாளமாக மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்கள் ஒருமுறை தூணையும் பார்க்கலாம்.

காரிலும் ஆட்டோவிலும் போகிறவர்களுக்குச் சிக்காத ஓர் இடம் இந்த வட்டாரத்தில் உண்டு: பத்துத்தூண். ஜவுளிக்கடைச் சந்துக்குள் நுழைந்தால், சேலை மூட்டைகளுக்கும் டீக்கடைக்கும் நடுவே திடீரென்று பத்துக் கருங்கல் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். மேலே தாங்குவதற்கு எதுவும் இல்லை. நாயக்கர் அரண்மனையின் இன்னொரு பகுதி, சுற்றியிருந்ததெல்லாம் போய் இது மட்டும் நிற்கிறது. மஹாலில் டிக்கெட் எடுத்துப் பார்த்த தூணைவிட, மூட்டை தூக்குபவர் சாய்ந்து நிற்கும் இந்தத் தூண்தான் அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதைப் புரியவைக்கும்.

மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறிய வீடு இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடலழகர். ஒரே விமானத்தில் இருந்த, நின்ற, கிடந்த கோலம் மூன்றும். எல்லாம் நடக்கும் தூரம்தான். நடையின் குறை, மதிய வெயில். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மாசி வீதியில் நடப்பது தண்டனை. அந்நேரம் மஹாலுக்குள்ளோ சாப்பாட்டுக் கடைக்குள்ளோ இருந்தாகவேண்டும்.

கோயிலுக்கு எவ்வளவு நேரம்?

எந்த வழியில் போனாலும் மீனாட்சி கோயிலுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போன் உள்ளே கொண்டுபோகத் தடை. வெளியே வைத்துவிட்டுப் போய், அதே வாசலுக்குத் திரும்பி வந்து வாங்கவேண்டும். கிழக்கில் கொடுத்துவிட்டு மேற்கில் வெளியே வந்தவர்கள் கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு சுற்றுவதை அடிக்கடி பார்க்கலாம். குழு பிரிந்தால் போன் அடித்துத் தேட முடியாது, பொற்றாமரைக் குளப் படி என்று முன்னாலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் சுவாமி. அதுதான் இங்கே முறை. வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி, வலதுகாலைத் தூக்கி ஆடுகிறார். வரிசை தள்ளிக்கொண்டே போகும் இடம், கவனம் இல்லாவிட்டால் தவறிவிடும். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. பிள்ளைகளை எண்ணச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்ச நேரம் நிம்மதி.

காலையா மாலையா என்றால், முடிந்தால் இரண்டும். இரவு ஒன்பது மணி வாக்கில் பள்ளியறை பூஜைக்காகச் சுவாமியின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்குக் கொண்டுபோவார்கள். பத்து நிமிட ஊர்வலம்தான், அதற்காகவே ராத்தங்கலாம்.

என் தேர்வு

பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடிகாலை இறங்குகிறவர்களுக்கு: நடையும் ஆட்டோவும் கலந்து. ஆறரைக்குக் கோயில், ஒன்பதரைக்கு டிபன், அங்கிருந்து நடந்தே விளக்குத்தூண், பத்துத்தூண், மஹால். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஆட்டோவில் மியூசியம், ஐந்து மணிக்கு இன்னொரு ஆட்டோவில் தெப்பக்குளம், ராத்திரி மறுபடி கோயில். அழகர்கோவிலையும் குன்றத்தையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்து தேஜஸ் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் பன்னிரண்டைத் தாண்டித்தான் இறங்குவார்கள். ஓடினாலும் நடை சாத்தியிருக்கும். அவர்கள் அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளலாம். இரண்டு மணிக்கு மியூசியம், ஐந்துக்குள் மஹால், ஆறிலிருந்து ஒன்பதரை வரை கோயில். விளக்கொளியில் கோயில் பிராகாரம் பகலைவிட அழகு என்பது என் கட்சி.

வயதானவர்கள் கூட இருந்தால் முழுக்க ஆட்டோதான், தெப்பக்குளத்தைக் கழித்துவிட்டு மதியம் இரண்டு மணி நேரம் ரூமில் படுக்கவிடுங்கள். நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம்: மியூசியம் மூடியிருக்கும், கோயிலில் கூட்டம் முட்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் இந்தத் திட்டம் எதுவும் செல்லாது, கூட்டம் போகிற திசையில் போகவேண்டியதுதான். அதே இரவு பாண்டியனில் சென்னை திரும்ப டிக்கெட் போட்டிருப்பவர்கள் பள்ளியறை பூஜையை மறந்துவிடுங்கள். அந்த வண்டியும் ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்புகிறது, இரண்டுக்கும் சேர்த்து நிற்க முடியாது. மறுநாள் காலை பஸ்ஸோ வைகை எக்ஸ்பிரஸோ பிடித்துக்கொள்வது உத்தமம்.