ஆன்லைன் கேம் காதல்: முப்பது எபிசோடா, பத்து எபிசோடா?

ஆன்லைன் கேமில் தொடங்கும் காதலைச் சொல்லும் சீனாவின் 'லவ் ஓ2ஓ' போன்ற ஒரு தொடரை ஜப்பானியத் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் கழுத்தைப் பிடிப்பது நேரம். 2016 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் தொடருக்கு 30 எபிசோடுகள். ஒன்றுக்குச் சுமார் 45 நிமிடம் என்றால் மொத்தம் 22 மணி நேரத்தைத் தாண்டும். ஜப்பானில் ஒரு பருவத் தொடர் வாரத்துக்கு ஒன்றாகப் பத்துப் பதினோரு எபிசோடுகளில் முடிந்துவிடும். பின்னிரவுத் தொடர் என்றால் விளம்பரத்தோடு சேர்த்தே அரை மணி நேரம்தான். எதை வைப்பது, எதை வெட்டுவது? இதே கருவில் ஜப்பானில் வந்த இரண்டு அனிமேக்களை (அனிமேஷன் தொடர்களை)ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது: 'நெட்டோஜூ நோ சுசுமே' (2017), 'யமதா-குன் தோ லெவல் 999 நோ கோய் ஓ சுரு' (2023).

மூன்றிலும் கதையை நடத்துவது ஒரே கேள்விதான்: திரைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று யாருக்கு, எப்போது தெரிகிறது?

'லவ் ஓ2ஓ'வில் ரகசியம் ஒருபக்கமானது. நாயகி வெய்வெய்யைக் கேமுக்குள் மணந்திருந்த 'கணவன்' அவளை விவாகரத்து செய்துவிட்டு வேறொருத்தியை மணக்கிறான். சர்வரின் முதல்நிலை வீரன் நைஹே, ஜோடிப் போட்டிக்குத் துணை வேண்டும் என்று சொல்லி அவளிடம் கேமுக்குள் திருமணம் கேட்கிறான். அவள் யார் என்று அவனுக்குத் தெரியும். அவன் தன் பல்கலைக்கழக சீனியர் ஷியாவ் நாய் என்பது அவளுக்குத் தெரியாது. பார்ப்பவருக்கோ ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். காரணம், கேம் காட்சிகளிலும் அதே நடிகர்கள்தான்: சிவப்பு உடையில் ஜெங் ஷுவாங், வெள்ளை உடையில் யாங் யாங். முகம் ஒன்றே என்பதால் 'இவர் யாரோ' என்ற தவிப்புக்கு இடமில்லை. அவன் எப்போது சொல்லப்போகிறான் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே மிச்சம். அது போதும் என்பதுதான் இந்தத் தொடரின் பலம்.

'நெட்டோஜூ' இதற்கு நேர் எதிர். வேலையை விட்டுவிட்டு வீட்டில் அடைந்திருக்கும் 30 வயது மொரிகோ, கேமில் ஹயாஷி என்ற ஆண். அங்கே அவளுக்கு உதவும் லில்லி என்ற பெண் பாத்திரத்தை இயக்குபவன் சகுராய் என்ற அலுவலக ஊழியன். இருவருக்கும் எதுவும் தெரியாது. அவதாருக்கும் (கேமுக்குள் ஒருவர் இயக்கும் உருவத்துக்கும்) ஆளுக்கும் தனித்தனிக் குரல் நடிகர்கள்: மொரிகோவுக்கு நோத்தோ மாமிகோ, ஹயாஷிக்கு சுசுகி ரியோத்தா. ஒரு பெண்ணின் கூச்சம் ஓர் ஆணின் குரலில் வெளிப்படும்போது அவள் கேமுக்குள் ஏன் ஒளிந்தாள் என்பது விளக்கமில்லாமல் புரிகிறது. மூன்றில் என் மனம் நிற்பது இங்கேதான். லில்லிக்குப் பரிசு வாங்கித் தர, கிறிஸ்துமஸ் இரவில் கேமில் செலவழிக்கப் பிரீபெய்டு கார்டு தேடி அவள் கன்வீனியன்ஸ் ஸ்டோருக்குப் போகும் இடத்துக்கு ஈடாக மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை. குறை, தற்செயல்களின் குவியல். தெருவில் மோதியவன், கடை ஊழியர், பழைய கேம் நண்பன் என்று எல்லாரும் ஒரே வட்டத்துக்குள் வந்து விழுகிறார்கள். பத்தே எபிசோடு என்பதால் தாங்குகிறது. முப்பதாக இழுத்திருந்தால் நம்பிக்கை போயிருக்கும்.

'யமதா' ரகசியத்தையே வைத்துக்கொள்ளவில்லை. காதலன் விட்டுப்போன அகானே, கேம் சார்பில் நடக்கும் நேரடி நிகழ்ச்சிக்குப் போய் யமதாவை முதல் எபிசோடிலேயே சந்தித்துவிடுகிறாள். அதன் பிறகு கேம் என்பது கில்ட் (சேர்ந்து விளையாடும் குழு) ஆட்கள் கூடிப் பேசும் இடம், அவ்வளவே. செலவு குறைவு, நடிகர்களை வைத்து எடுக்க எளிது; 2025-ல் திரைப்படமாகவும் வந்துவிட்டது. ஆனால் கேமை எடுத்துவிட்டு டென்னிஸ் கிளப்பை வைத்தாலும் பாதிக் கதை நடக்கும்.

ரீமேக்கில் பொதுவாகக் கெடுவது சுருக்கும் விதம். 'லவ் ஓ2ஓ' கதை அதே 2016 ஆகஸ்டில் ஆஞ்சலாபேபி, ஜிங் போரான் நடிப்பில் திரைப்படமாகவும் வந்தது. அங்கே ஒரே மூச்சில் திருமணம், சந்திப்பு, காதல். சேர்ந்து விளையாடி விளையாடி ஒருவர் திறமை மேல் இன்னொருவருக்கு வரும் மரியாதைக்குக் காலமே இல்லை. வெட்ட வேண்டியது அதுவல்ல. தொடரின் இரண்டாம் பாதியில் வரும் கம்பெனிக் கதையும் துணைக் காதல்களும்தான். சந்தேகம் வந்தால் உடனே பேசித் தீர்த்துக்கொள்ளும் ஜோடி இது, அங்கே தடையென்று எதுவும் இல்லை. பத்து எபிசோடு கொண்ட தொடரில் முதல் மூன்றைக் கேமுக்கே கொடுத்து, மூன்றின் முடிவில் முகத்தைக் காட்டலாம். அவதாருக்கு வேறு நடிகரைப் போட்டால் 'நெட்டோஜூ'வின் பதற்றம் கிடைக்கும். ஆனால் நைஹேயின் முகத்தைப் பார்த்து ரசிக்க வருகிறவர்களை இழக்க நேரும்.

பார்க்கத் தொடங்குகிறவர்கள் 'நெட்டோஜூ'விலிருந்தே தொடங்கலாம், நான்கு மணி நேரம்தான். பத்தாவதோடு நிறுத்திவிடாதீர்கள்: தொலைக்காட்சியில் வராத 11-ஆம் எபிசோடு டிஸ்க்கில் தனியாக வெளிவந்தது.