கடலில்லாத ஊரிலிருந்து கோல்டு கோஸ்ட் அலைக்கு: திட்டமிடலில் எது உதவியது, எது உதவவில்லை

சர்ஃபிங் பயணம் என்றாலே போர்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை அடி, என்ன விலை, விமானத்தில் ஏற்றுவார்களா? மதுரையில் உட்கார்ந்துகொண்டு சில வருடமாக ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் அலைச்சறுக்கும் ஆசையைக் கட்டி மேய்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், போர்டு கடைசி. முதலில் மாதம். மாதம் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அது அமையாவிட்டால் டிக்கெட் காசு கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

கடற்கரையில் வீடு இருக்கிறவர் காலையில் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். நமக்குத் திருச்செந்தூர் பக்கத்து மணப்பாடே சுமார் 200 கிலோமீட்டர். "மதுரைக்காரனுக்கு ராமேஸ்வரம் இருக்கே, அப்புறம் என்ன?" என்று ஆபீஸில் கேட்பார்கள். பாக் ஜலசந்தி பக்கம் இலங்கையே சுவர் மாதிரி நிற்கிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பும் நீண்ட அலை அங்கே வந்து சேராது. காற்று கிளப்பும் குட்டி அலைதான் மிஞ்சும். காற்றாடி கட்டிச் சறுக்குகிறவர்களுக்கு அது சொர்க்கம், நமக்கு இல்லை. தனுஷ்கோடியின் மன்னார் வளைகுடாப் பக்கத்தில் அலை உண்டு, ஆனால் அங்கே இழுப்பு பொல்லாதது. ஆக, பழகுவதற்கு மணப்பாடு அல்லது கேரளத்து வர்க்கலா. வர்க்கலாவுக்குப் புனலூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி படுத்தால் காலையில் இறங்கிவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் தலை வைக்க வேண்டாம். நவம்பருக்கு மேல் கடல் சாந்தமாகிவிடும்.

காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்று பார்க்க நான் விடாமல் பயன்படுத்தி வருவது விண்டி செயலி. இலவசமாகக் கிடைப்பதே போதும். ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈசிஎம்டபிள்யூஎஃப், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் இரண்டு வானிலைக் கணிப்பையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றையே சொன்னால் பையைக் கட்டுவேன். ஆளுக்கொரு கதை சொன்னால் இன்னும் ஒருநாள் பொறுப்பேன். ஐந்தாறு நாளுக்கு அப்பால் எந்தச் செயலி எவ்வளவு அழகாக வரைந்து காட்டினாலும் அதை நம்பி லீவு போட மாட்டேன். மேஜிக்சீவீட் என்று ஒரு அலைக் கணிப்புத் தளம் இருந்தது, பலரும் அதில்தான் பழகினோம். 2023இல் அது சர்ஃப்லைன் என்ற இன்னொரு தளத்தோடு சேர்ந்துவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரைப் பார்த்துத் தேடாதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் அலையின் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். எனக்குப் பெரிதாக உதவியது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்ற எண், பீரியடு. ஒரே உயரமுள்ள அலையில் இந்த எண் 7இலிருந்து 14 ஆனால், அது சுமந்துவரும் ஆற்றலும் இரட்டிப்பாகும். 7 விநாடி அலை உள்ளூர்க் காற்று கலக்கிவிட்டது. ஒழுங்கில்லாமல் மூஞ்சியில் அறைந்துகொண்டே இருக்கும். 14 விநாடி அலை வெகுதூரத்துப் புயல் அனுப்பியது. அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் புயல் அடித்தால் அலை வந்து சேர இரண்டு நாள். நம்மைப் போல் உள்நாட்டில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு நாள்தான் வரப்பிரசாதம். அப்புறம் காற்று. கரையிலிருந்து கடல் பக்கம் மெதுவாக வீசினால் அலை நிமிர்ந்து நின்று வழவழவென்று உடையும். கடலிலிருந்து கரைக்கு வீசினால் எல்லாம் குழம்பிப்போகும்.

உயரம், பீரியடு, காற்று மூன்றையும் மணப்பாட்டில் வைத்துப் பழகியதுதான் கோல்டு கோஸ்டில் கைகொடுத்தது. அது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை, தெற்கு அட்சரேகை 28. பருவம் நமக்கு நேர்மாறு. அத்தை மகன் பிரிஸ்பேனில் இருக்கிறான். அங்கிருந்து கோல்டு கோஸ்ட் சுமார் 80 கிலோமீட்டர், நமக்கு ராஜபாளையம் போகிற தூரம். "என்ன மாப்ள, அலை பார்க்கவா விமானம் ஏறி வர்ற?" என்றான். அவனுக்கு லீவு இருந்த டிசம்பரில்தான் முதலில் போனேன். மதியமானால் வடகிழக்குக் காற்று எழும்பிவிடும், அலை சின்னது, கரை முழுக்கப் பள்ளி விடுமுறைக் கூட்டம். அந்தக் காற்றோடு நீலநிறப் பை மாதிரி ஒரு ஜெல்லி, புளூபாட்டில் என்பார்கள், கூட்டமாக ஒதுங்கும். கொட்டினால் வினிகர் கூடாது, பொறுக்கிற சூட்டில் வெந்நீர்தான். பிறகு மார்ச்சில் போனபோது அதே கடற்கரை வேறு ஊர் மாதிரி இருந்தது. பவளக்கடலில் புயல் சின்னம் சுற்றிக்கொண்டிருந்தால் கிழக்கிலிருந்து நாள்கணக்கில் சீரான அலை வரும். காலையில் காற்றே இருக்காது.

மார்ச்சிலும் ஆபத்து உண்டு. 2025 மார்ச்சில் ஆல்ஃபிரட் புயல் நெருங்கி வந்து கோல்டு கோஸ்ட் மணலை வாரிக்கொண்டு போனது, கரையில் ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாகப் பள்ளம் விழுந்தது. அதனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுப்பது நல்லது. கூடக் கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்லை.

ஸ்னாப்பர் ராக்ஸிலிருந்து கிர்ரா வரை நீளும் சூப்பர்பேங்க் அலைதான் அந்த ஊரின் பெருமை. ட்வீட் ஆற்று முகத்துவாரத்தின் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக வடக்கே இறைக்கிறார்கள். 2001இல் தொடங்கிய வேலை, வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணல். அந்த மணல்திட்டின் மேல்தான் அலை உடைகிறது. மனிதன் பம்பு போட்டு உண்டாக்கிய அலையைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பார்த்தேன், பாறைமேல் உட்கார்ந்து. இறங்கவில்லை. உள்ளூர்க் கில்லாடிகள் ஒரு அலைக்கு ஐந்தாறு பேர் நிற்கும் இடத்தில் நமக்கு என்ன வேலை? என்னைப் போன்ற நடுத்தர ஆட்களுக்கு கரம்பின் ஆலி என்ற இடம்தான் சரி. அலை மெதுவாக நீளும், பெரிய போர்டுக்காரர்கள்தான் அதிகம், திட்ட மாட்டார்கள்.

தங்குவதற்கு நடுவில் எங்காவது, பர்லி ஹெட்ஸ் அல்லது பாம் பீச் பக்கம் அறை பாருங்கள். எந்த மூலையில் காற்று மறைந்திருக்கும் என்பது தினம் மாறும். ஒரே கடற்கரையின் வாசலில் காசைக் கொட்டித் தங்கினால் பாதி நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குயின்ஸ்லாந்தில் விமான நிலைய ரயில் தவிர பஸ், ரயில், டிராம் எதில் ஏறினாலும் 50 சென்ட், 2024 ஆகஸ்டிலிருந்து. ஒரு கூத்து சொல்ல வேண்டும். கூலங்கட்டாவும் ட்வீட் ஹெட்ஸும் ஒட்டிப் பிறந்த ஊர்கள், நடுவே மாநில எல்லை. அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை தெற்குப் பக்கம் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். போன் எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை பார்க்கும்போது எந்த மாநிலத்து நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயம் சுருக்கமாக. என்னிடம் இருப்பது 8 அடி ஃபோம் போர்டு, மாடி அறையில் கிடக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் அதன் மேல்தோல் ரொட்டியில் கொப்புளம் எழும்புவதுபோல் அங்கங்கே உப்பிக்கொண்டது. கால் வழுக்காமலிருக்கப் பூசிய மெழுகு உருகிக் கீழே விரித்த போர்வையோடு ஒட்டிக்கொண்டு, உரித்தால் நூலும் சேர்ந்து வந்தது. மதுரையில் போர்டு வைத்திருப்பவர்கள் கீழ்தளத்தில், கட்டிலுக்கடியில் வையுங்கள், மெழுகைச் சுரண்டிவிட்டு. வெளிநாட்டுக்கு அதைச் சுமக்காதீர்கள். கோல்டு கோஸ்டில் தெருவுக்குத் தெரு வாடகைக் கடை.

தண்ணீர் பிப்ரவரியில் 26 டிகிரி போல, ஆகஸ்டில் 20, 21. அங்கே உள்ளவர்களுக்கு அது குளிரே இல்லை. கிணற்றில் குதித்து வளர்ந்த எனக்கு, குளிர்மாதம் என்றால் உடம்புச் சூட்டைக் காக்கும் வெட்சூட் உடை இல்லாமல் முடியாது என்று தோன்றுகிறது. வெயில் வேறு ரகம். மதுரை வெயிலே பார்த்தாச்சு என்கிற மிதப்பு அங்கே எடுபடாது, புற ஊதாக் கதிர் சுள்ளென்று பிடிக்கும். முழுக்கைச் சட்டையும் துத்தநாகக் களிம்பும் கட்டாயம்.

விமான நிலையத்தில் அறிவிப்புப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று குறியிடுங்கள். என் பையில் இட்லிப் பொடி. அதிகாரி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன பருப்பு என்று கேட்டு, கொடுத்துவிட்டார். மறைத்தால்தான் அபராதம். பழகிய செருப்பு, காலுறை எதிலும் மண் ஒட்டியிருக்கக் கூடாது, அதையும் பார்ப்பார்கள். கடற்கரையில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிப்பவர்கள் மட்டும்தான், போர்டோடு அங்கே நுழைந்தால் உயிர்காப்பாளர் விசில் ஊதுவார்.

பெரிய செலவு விமான டிக்கெட்தான், மற்றது சமாளிக்கலாம். கூட்டமும் புயல் பயமும் குறைந்து, தண்ணீரும் வெதுவெதுப்பாக இருப்பது ஈஸ்டர் விடுமுறை முடிந்த பிறகு, ஏப்ரல் கடைசி என்கிறான் அத்தை மகன். அந்தச் சமயம் இங்கே சித்திரைத் திருவிழா. அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு, மே நடுவில் புறப்படுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.