நட்சத்திரமா, கறுப்பு முத்திரையா?

சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா சாதாரண பிஸ்கட்டைத் தொடுவதில்லை. கேழ்வரகுக் கதிர் படம் போட்ட ராகி பிஸ்கட்தான். போன மாதம் அந்த பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில், நான்காவதாகத்தான் ராகி. எடை அதிகமுள்ள பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆக, எது எவ்வளவு என்பதை அந்த வரிசையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. "முன்னாடி ராகின்னு போட்டிருக்கேடா?" என்றார் அம்மா.

கடையில் நம் கை போவது முன்பக்கத்தை நம்பித்தான். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்ற எண்ணெயை மகிழ்ச்சியாக எடுக்கிறோம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. 'சுகர் ஃப்ரீ' என்று போட 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது வேறு. பழச்சாற்றில் இயல்பாக இருக்கும் சர்க்கரை அப்படியே இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் எங்கள் வீட்டிலேயே மூன்று பேர்.

அப்படியானால் அரசு முன்பக்கத்தில் எதைப் போடச் சொல்ல வேண்டும்? பிரிட்டனின் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறிகளும் பிரான்சின் ஏ முதல் ஈ வரையிலான எழுத்துகளும் உண்டு. ஆனால் நமக்கு முன்னால் இருக்கும் உண்மையான போட்டி நட்சத்திரத்துக்கும் எச்சரிக்கை முத்திரைக்கும்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு, உணவு எவ்வளவு நல்லது என்பதற்கேற்ப பாக்கெட்டுக்கு அரை நட்சத்திரம் முதல் 5 வரை கொடுக்கச் சொன்னது.

நட்சத்திரத்தின் சிக்கல் அதன் கணக்கில் இருக்கிறது. சர்க்கரை, உப்பு, கெட்ட கொழுப்புக்குப் புள்ளி ஏறும். நார்ச்சத்து, புரதம், பழம், பருப்புக்கு அது குறையும். புள்ளி ஏற ஏற நட்சத்திரம் குறையும். கடைசியில் ஒரே ஒரு மதிப்பெண். எது அதிகம், எது குறைவு என்பது அதற்குள் கரைந்துபோகும். 2014இல் இந்த முறையைக் கொண்டுவந்த ஆஸ்திரேலியாவில் நெஸ்லேயின் மைலோ சாக்லேட் பானப் பவுடர் டப்பா 4.5 நட்சத்திரத்தோடு விற்றது. கொழுப்பு நீக்கிய பாலில் கலந்தால் என்ற கணக்கு அது. பவுடருக்கு மட்டும் போட்டால் 1.5தான். எதிர்ப்பு வலுத்ததும் 2018இல் நெஸ்லே அந்த நட்சத்திரங்களை எடுத்துவிட்டது. இன்னொன்று, நம் ஊரில் நட்சத்திரம் என்றாலே பாராட்டு. ஹோட்டலுக்கும் சினிமாவுக்கும் கொடுப்பது. ஒன்றரை நட்சத்திரம் வாங்கிய சிப்ஸ்கூட ஏதோ பரிசு வாங்கியதுபோலத் தெரியும்.

சிலி 2016இல் வேறு வழியில் போனது. கறுப்பு எண்கோணம், அதற்குள் 'சர்க்கரை அதிகம்', 'உப்பு அதிகம்' என்ற வகையில் சில சொற்கள் மட்டும். 2019இல் வந்த இறுதி வரம்புப்படி, சர்க்கரை சேர்த்த திட உணவில் 100 கிராமுக்கு 10 கிராமைத் தாண்டினால் முத்திரை விழும். முத்திரை விழுந்த பாக்கெட்டில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் படம் இருக்கக்கூடாது. காலை உணவுத் தானிய டப்பாவிலிருந்து கார்ட்டூன் புலி காணாமல் போனது இப்படித்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் இது புரியும். கூட்டல் கழித்தல் கிடையாது, நார்ச்சத்தைச் சேர்த்துச் சர்க்கரையை மறைக்கவும் முடியாது.

முத்திரையிலும் குறை உண்டு. எது நல்லது என்று அது சொல்லாது. வரம்பை லேசாகத் தாண்டியதும் பல மடங்கு தாண்டியதும் ஒரே முத்திரையைத்தான் வாங்கும். நம் கடலை மிட்டாய்க்கும் ஊறுகாய்க்கும் அது விழும். விழட்டும் என்றுதான் சொல்வேன். கடலை மிட்டாயில் வெல்லம் இருப்பது அம்மாவுக்குத் தெரியும், பாதி உடைத்துத்தான் சாப்பிடுவார். ராகி பிஸ்கட்டை அவர் கணக்கில்லாமல் சாப்பிட்டது தெரியாததால்தான்.