புரோமிதியஸ், கிராஃபானா: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்தபின்

முன்னால் கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், கடைசியில் டேட்டாபேஸ் மைசீக்வல். இப்படி ஓடும் சில சர்வர்களைக் கண்காணிக்க, அளவீடுகளைத் திரட்டிச் சேமிக்கும் புரோமிதியஸையும் அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவையும் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். எப்படி நிறுவுவது என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நிறுவிய ஜோர் அடங்கிய பிறகு எது கைகொடுக்கிறது, எது சும்மா அழகுக்கு நிற்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

புரோமிதியஸைப் பற்றிப் பெரிய புகார் எதுவும் இல்லை. ஒரே பைனரி, தனியாக டேட்டாபேஸ் வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும். நாமாக மாற்றாவிட்டால் 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும். "போன மாதமும் இதே நேரத்தில் இப்படித்தான் இருந்ததா?" என்று யாராவது கேட்கும்போதுதான் அது உறைக்கும். டிஸ்கில் இடம் இருந்தால் முதல் நாளே அந்தக் காலத்தை (ரிடென்ஷன்) கூட்டி வைத்துவிடுவது நல்லது. அளவீடுகளைப் பிரித்தறிய ஒட்டும் லேபிள்களில் மட்டும் கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும். பயனர் எண்ணையோ முழு முகவரியையோ லேபிளாக வைத்தால், ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு தனித் தொடர் முளைத்து மெமரியை விழுங்கிவிடும்.

கிராஃபானாவுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் டாஷ்போர்டுகள் பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் சர்வரின் நிலையைப் புரோமிதியஸுக்கு எண்களாகத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரின் நூற்றுக்கணக்கான அளவீடுகளில் நான் உண்மையில் பார்ப்பது ஒரு கைப்பிடி. மெமரியில் 'ஃப்ரீ' அல்ல, தேவைப்பட்டால் விடுவிக்கக்கூடிய கேச்சையும் சேர்த்துச் சொல்லும் 'அவைலபிள்'. விர்ச்சுவல் மெஷின் என்றால் ஸ்டீல் டைம்; அது ஏறினால் நம் பங்கு சிபியு நேரம் வேறு யாருக்கோ போகிறது என்று அர்த்தம். லோட் ஆவரேஜை, அதாவது ஓடும், காத்திருக்கும் பிராசஸ்களின் சராசரி எண்ணிக்கையைப் பார்த்துப் பதறுவதை நிறுத்தியே ரொம்ப நாளாயிற்று. லினக்ஸில் டிஸ்குக்காகக் காத்திருக்கும் பிராசஸ்களும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், சிபியு சும்மா இருக்கும்போதே லோட் 20-ஐத் தொடலாம். கெர்னல் 4.20-இல் வந்த பிரஷர் ஸ்டால் கணக்கு இதைவிடத் தெளிவு. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை சிபியு, மெமரி, ஐஓ என்று பிரித்தே சொல்லிவிடும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு அதிகம் உதவியது கிராஃபானாவில் இல்லை. என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு கோரிக்கையையும் எழுதி வைக்கும் ஆக்சஸ் லாகில் சேர்த்த இரண்டு எண்கள்தான்: ரிக்வெஸ்ட் டைம் (கோரிக்கைக்கு ஆன மொத்த நேரம்), அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் (அதில் பின்னால் உள்ள பிஎச்பியிடமிருந்து பதில் வர ஆன நேரம்). வழக்கமான லாக் வடிவத்தில் இவை இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். முதல் எண் 6 நொடி, இரண்டாவது 0.04 என்றால் பிஎச்பியைத் திட்டிப் பயனில்லை. அநேகமாகப் பதில் பெரியது, அல்லது எதிர்முனையில் இணைய வேகம் குறைவு. இரண்டுமே 6 என்றால் சிக்கல் பின்னால் இருக்கிறது.

அங்கேயும் ஒரு வலை உண்டு. ஒரு முறை தளம் முழுக்கத் திணறியது. என்ஜின்எக்ஸ் லாகைப் பார்த்தால் எல்லாப் பக்கத்துக்கும் அப்ஸ்ட்ரீம் நேரம் 8 நொடிக்கு மேல். சிபியு பாட்டுக்குத் தூங்குகிறது, மைசீக்வலும் அமைதி. தாமதமான கோரிக்கைகள் எந்த வரியில் நிற்கின்றன என்று காட்டும் எஃப்பிஎம்மின் ஸ்லோ லாகைத் திறந்தால் ஒரே ஒரு பக்கம்தான் திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் ஒரே வரியில், வெளிச் சேவைகளைக் கேட்கும் கர்ல் அழைப்பில் நிற்கிறது. வெளியே இருந்த ஏதோ ஒரு சேவை பதில் தராமல் இழுத்திருக்கிறது. பிஎச்பியில் கர்லுக்கு நாம் டைம்அவுட் கொடுக்காவிட்டால் பதிலுக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். பிஎச்பி நிரல் ஓடும் நேரத்துக்கான வரம்பான மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் காப்பாற்றும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. லினக்ஸில் அது வெளியே காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்படியே கோரிக்கைகளைக் கவனிக்கும் எஃப்பிஎம் வொர்க்கர் பிராசஸ்கள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ள, மற்ற பக்கங்களுக்கான கோரிக்கைகள் சாக்கெட் வாசலில் வரிசை கட்டி நின்றன. வரிசையில் நிற்கும் நேரமும் என்ஜின்எக்ஸுக்கு அப்ஸ்ட்ரீம் நேரம்தான். எஃப்பிஎம்முக்கோ, கோரிக்கையைக் கையில் எடுத்த பிறகுதான் கடிகாரம் ஓடும்.

இந்த மாதிரி நேரத்தில் வொர்க்கர்களின் உச்ச எண்ணிக்கையான மேக்ஸ் சில்ட்ரனைக் கூட்டச் சொல்லி எஃப்பிஎம் லாகே ஆலோசனை தரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிடாதீர்கள். ஒரு வொர்க்கருக்கு எவ்வளவு மெமரி என்று பெருக்கிப் பார்க்காமல் கூட்டினால், அடுத்து வருவது மெமரி தீர்ந்ததும் பிராசஸ்களைக் கொல்லும் ஓஓஎம் கில்லர். எனக்குத் தீர்வாக இருந்தது கர்லுக்கு 3 நொடி டைம்அவுட். அப்புறம், எஃப்பிஎம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வரும் 'லிசன் க்யூ' (வாசலில் காத்திருக்கும் கோரிக்கைகள்) எண்ணுக்கு ஒரு அலர்ட் போட்டேன். பூஜ்யத்துக்கு மேல் ஒரு நிமிடம் நின்றால் செய்தி வரும். 'சிபியு 80 சதவீதம்' வகை அலர்ட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தேன், ஒன்றைக்கூடத் திரும்பத் தேடவில்லை.

பெர்சன்டைல் வரைபடத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. சராசரியைவிட பி99 (100-இல் 99 கோரிக்கைகள் இந்த நேரத்துக்குள் முடிந்தன என்ற எண்) பயனுள்ளது என்பது சரி. ஆனால் புரோமிதியஸ், நேரங்களைப் பிரித்து எண்ணும் ஹிஸ்டோகிராம் பக்கெட்டுகளின் எல்லைகளை வைத்து மதிப்பிட்டுத்தான் அந்த எண்ணைச் சொல்கிறது. பல லைப்ரரிகளில் நாமாக எதுவும் தராவிட்டால் கடைசி எல்லை 10 நொடி. பயனர் 40 நொடி காத்திருந்தாலும் கோடு 10-க்கு மேல் ஏறாது. வரைபடம் உச்சியில் கத்தியால் வெட்டியது போல் தட்டையாக இருந்தால் முதலில் பக்கெட்டைச் சந்தேகியுங்கள்.

தளத்தை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டரை, அதைப் படிக்கும் புரோமிதியஸோடு சேர்த்து, வேறு இடத்தில் உள்ள மெஷினில் வைத்திருக்கிறேன். சர்வர் அடியோடு விழுந்தால் அதற்குள்ளேயே ஓடும் புரோமிதியஸும் சேர்ந்து விழும், செய்தி சொல்ல ஆள் இருக்காது. தளத்தின் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் காலாவதித் தேதியையும் பிளாக்பாக்ஸே தருகிறது.

ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவருக்கு இத்தனையும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். சிஸ்ஸ்டாட் நிறுவி, அதன் தரவுச் சேகரிப்பை இயக்கிவிட்டால் 'சார்' கட்டளையில் பழைய சிபியு, டிஸ்க் கணக்கு கிடைக்கும். அதோடு லாகில் அந்த இரண்டு எண்கள், எஃப்பிஎம் ஸ்லோ லாக், மைசீக்வல் ஸ்லோ க்வெரி லாக். கடைசியாகச் சொன்னதில் வரம்பு இயல்பாக 10 நொடி. அதை 1 ஆக்கிவிட்டு உட்காருங்கள்.