ஊசுட்டேரிக் கரையில் பறவைக் கையேடு: நாலு மழைக்காலத்துக்குப் பிறகு

துணைக்கண்டம் முழுவதற்குமான படக்கையேட்டில் 1,300 இனங்களுக்கு மேல் இருக்கும். புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ ஒரு காலையில் நாற்பது தேறினால் நல்ல நாள். மீதியெல்லாம் இமயமலைச் சிட்டும் அந்தமான் புறாவுமாக நடுவில் வந்து குழப்பும். அதனால் கையேடு வாங்கியதும் முதல் வேலை, பென்சிலோடு உட்கார்ந்து பரவல் வரைபடங்களை, அதாவது எந்த இனம் எங்கே இருக்கும் என்று நிறமிட்டுக் காட்டுபவற்றை, பார்ப்பதுதான். நம் கரைக்கு நிறமே விழாத இனங்களின் பெயர் மீது மெல்லிய கோடு போடுங்கள். பக்கத்தைக் கிழிக்கவோ ஒட்டவோ வேண்டாம், வழிதவறி வருகிறவையும் உண்டு. வரைபடம் கட்டைவிரல் நகம் அளவு, கடலூர்க் கரை அதில் ஒரு மயிரிழை. நிறம் வந்தும் வராமலும் இருக்கிற இனத்தை விட்டுவைப்பதே புத்தி.

அடுத்த சிக்கல், படங்கள். பெரும்பாலான கையேடுகளில் பெரிதாக அச்சாகியிருப்பது இனப்பெருக்கக் கால உடுப்பு, அதாவது அந்தக் காலத்து இறகுக் கோலம். நம் ஏரிகள் நிறைவது வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு. அப்போது வலசை வரும் பறவைகள் அந்த உடுப்பில் இருப்பதில்லை. மீசை ஆலாவுக்கு மீசை இருக்காது, கரிய வயிறும் இருக்காது. நீளவால் இலைக்கோழிக்கு நீளவால் இருக்காது. அக்டோபரில் இறங்கும் நீலச்சிறகி ஆண்கள் பெண்களைப் போலவே பழுப்பாக இருக்கும், ஆணுக்குரிய வெள்ளைப் புருவம் தெளிய பிப்ரவரி ஆகலாம். அதுவரை முகத்தைப் பார்க்க வேண்டும்: கண் வழியே ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொன்று, அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டு. இந்த விவரம் படத்தில் சின்னதாக ஓரத்தில்தான் இருக்கும், எழுத்தில் தெளிவாக இருக்கும். ஆக, முதலில் எழுத்து, பிறகு படம்.

வெள்ளைக் கொக்குகள்தாம் நல்ல பயிற்சி. சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல் என்று போட்டிருக்கும். தேங்காய்த்திட்டுச் சேற்றில் நிற்கிற கொக்கிடம் மஞ்சள் விரலைத் தேடாதீர்கள், கணுக்கால் வரை கருஞ்சேறு அப்பியிருக்கும். பறக்கும்வரை காத்திருங்கள், அல்லது அலகை வைத்தே முடிவு செய்யுங்கள். பெரிய கொக்கா, நடுத்தரக் கொக்கா என்ற சண்டைக்கு உயரமும் அலகு நிறமும் தீர்ப்புச் சொல்லாது. அலகு நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும். வாய்க்கோட்டை, அதாவது அலகின் பிளவு பின்னால் நீளும் கோட்டை, பாருங்கள். அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரம். எட்டு மடங்கு பைனாகுலரில், காலை வெயில் முதுகுப் பக்கம் இருந்தால், இது தெரியும். வெயிலைப் பார்த்து நின்றால் எல்லாமே கறுப்புப் பறவைதான், கையேடு என்ன செய்யும்?

அளவிலும் ஏமாறுவார்கள். கையேட்டில் உள்ள சென்டிமீட்டர் என்பது பறவையைக் கிடத்தி அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தது. கழுத்தைச் சுருக்கி வரப்பில் குந்தியிருக்கும் மடையான் அந்த நீளத்தில் பாதிகூடத் தோன்றாது. மண் நிறத்தில் குந்தியிருந்தது எழும்பினால் வெள்ளைப் பறவையாகிவிடும், அது வேறு! ஆகவே எண்ணை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் மைனாவோடும் காகத்தோடும் ஒப்பிடுங்கள். ஒரே பக்கத்தில் உள்ள படங்கள் ஒரே அளவுகோலில் வரையப்பட்டவையா என்பதையும் முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் கையேட்டைத் திறப்பதே கடைசியாகத்தான். பறவை நிற்கும்வரை பறவையைப் பாருங்கள்: அலகு நீளம் தலையைவிடக் கூடவா, கால் நிறம், புருவம், நடை, பறக்கும்போது சிறகில் வெள்ளைக் கோடு உண்டா. சின்னக் குறிப்பேட்டில் நாலு வரி எழுதிவிட்டுத் திறந்தால், படம் நம் கண்ணை மாற்றிவிடாது. உள்ளான்கள் என்னும் சின்னக் கரைப்பறவைகளுக்கு இது கட்டாயம். பொரி உள்ளானின் வெண்புருவம் கண்ணுக்குப் பின்னாலும் நீளும்; சாதா உள்ளானுக்கு மார்புக்கும் சிறகுக்கும் நடுவே வெள்ளை ஆப்பு ஏறியிருக்கும், வால் பக்கம் ஓயாமல் ஆடும். பட்டாணி உப்புக்கொத்திக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் உண்டு, சிறகில் வெள்ளைக் கோடு கிடையாது.

தமிழ்ப் பெயர்கள் கையேட்டுக்குக் கையேடு மாறும், அதனால் அறிவியல் பெயரையும் ஓரத்தில் குறித்துவைக்கலாம். அதுவும் நிலையில்லை. நம் உண்ணிக்கொக்கை இப்போது தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். அறிவியல் பெயரின் பின்பாதி கொரமாண்டா, நம் சோழமண்டலக் கரையின் பெயர்தான்! பழைய பதிப்புகள் முக்குளிப்பான்களில் தொடங்கும், புதியவை வாத்து, கௌதாரியில். இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டினால் விரல் தடுமாறும். நீர்ப்பறவைப் பக்கங்களுக்கு மட்டும் ஒட்டுத்தாள் வைத்துவிடுங்கள்.

ஒலி கேட்டுப் பெயர் சொல்லும் செயலி புதர்க்காட்டுப் பறவைகளுக்கு உதவும். ஏரிக்கரையில் வண்டிச் சத்தம் கெடுக்கும், வெயிலில் திரையும் தெரியாது.

மழையில் நனைந்தால் வழவழப்புத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்தபின் பிரித்தால் மை உரிந்து பக்கத்துப் பறவைக்குப் போய்விடும். ஈரமாக இருக்கும்போதே பிரித்து, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அட்டை வளையும். வாங்கும்போது நூல் தைத்த கட்டாகப் பாருங்கள். வெறும் பசைக் கட்டு மூன்றாம் மழைக்காலத்தில் விட்டுவிடுகிறது, அதுவும் சரியாக உள்ளான் பக்கத்தில். கழுகுப் பக்கங்கள் இன்னும் புதுசாகவே இருக்கின்றன.