கபிலனுக்கு ஆர்யா உடம்பு பொருந்தியதா?

சார்பட்டா பரம்பரை படத்தைப் போன வாரம் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். இது மூன்றாவது முறை. 2021 ஜூலையில் ப்ரைம் வீடியோவில் வந்த ராத்திரியே பார்த்தவன் நான், அப்போது கதை இழுத்த இழுப்பில் வேறெதையும் யோசிக்கவில்லை, யார் ஜெயிப்பார் என்பதிலேயே மனசு இருந்தது. இந்த முறை கதைதான் தெரியுமே, அதனால் கண் முழுக்க நாயகன் கபிலனாக வரும் ஆர்யா மேலேயே நின்றது. இந்த ஆள் இந்த வேஷத்துக்குச் சரியான ஆள்தானா என்று ஒவ்வொரு காட்சியிலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல இடங்களில் ஆமாம், சில இடங்களில் இல்லை. அந்த 'இல்லை'யைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றியது.

பா.ரஞ்சித் படம், 70களின் வடசென்னை, குத்துச்சண்டை, நாயகன் ஆர்யா என்று கேள்விப்பட்டபோது எனக்கு நிஜமாகவே சந்தேகம் இருந்தது. நமக்கு ஆர்யா என்றால் யார்? பாஸ் என்கிற பாஸ்கரனில் சந்தானத்தோடு சலூனே கதியாகச் சுற்றும் பையன். ராஜா ராணி. மேடை ஏறினால் பக்கத்தில் இருப்பவரைக் கலாய்த்துச் சிரிக்க வைக்கிற ஆள். 2018இல் டிவியில் 16 பெண்களை வைத்துத் தனக்குப் பெண் பார்ப்பதாக ஒரு நிகழ்ச்சி நடத்தி, கடைசியில் யாரையும் தேர்ந்தெடுக்காமல் முடித்தது ஊருக்கே தெரியும். இந்தப் பிம்பம் சின்னதல்ல. திரையில் அவர் முகம் வந்ததும் நமக்குத் தன்னால் ஒரு புன்னகை வந்துவிடும், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஜாலியான ஆள் என்று மனசு முடிவு கட்டிவிடும். கபிலனோ அதற்கு நேர் எதிர். அப்பா குத்துச்சண்டையில் ஆரம்பித்து ரவுடித்தனத்தில் போய் உயிரை விட்டவர், அதனால் அம்மா க்ளவுஸ் பக்கமே போகக்கூடாது என்று அடித்து வளர்த்த பிள்ளை, ஆசையை வெளியே சொல்லத் தெரியாமல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்று சண்டை பார்க்கிறவன். இதில் சிரிப்புக்கு எங்கே இடம்?

ஆனால் ஆர்யாவிடம் இன்னொரு வரிசைப் படங்களும் இருக்கின்றன, நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பாலாவின் நான் கடவுள் (2009), 1947இன் மதராசில் சலவைத் தொழிலாளியாக வரும் மதராசபட்டினம் (2010), அப்புறம் மகாமுனி (2019). மூன்றிலும் மனுஷன் அளந்துதான் பேசுவார். என் அனுபவத்தில் ஆர்யாவுக்கு வசனம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, நீளமாகப் பேசும்போது எல்லா வரியும் ஒரே தாளத்தில் போய்விடும், பேசாமல் நிற்கும்போது அந்தப் பெரிய உடம்புக்குள் ஏதோ அடைபட்டுக் கிடப்பது போலத் தெரியும். ரஞ்சித் அதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். முதல் அரைமணி நேரத்தில் கபிலன் பேசுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். பயிற்சி கொடுக்கிற ரங்கன் வாத்தியாரைப் பார்க்கிறான், ரிங்கைப் பார்க்கிறான், தோற்றுப்போகிற தன் பரம்பரையை, அதாவது தன் குத்துச்சண்டைக் குழுவை, பார்க்கிறான், கை மட்டும் தானாக முஷ்டி பிடிக்கிறது. அந்த இடங்களில் பாஸ்கரன் எனக்கு ஞாபகமே வரவில்லை. ஆர்யாவின் சிரிப்பை எடுத்துவிட்டால் அடியில் ஒரு கூச்சம் இருக்கிறது, பெரியவர்கள் முன்னால் நிற்கிற பையனின் கூச்சம். கபிலனுக்கு வேண்டியது அதுதான்.

சரி, உடம்புக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோது மூட்டை தூக்கிப் பிழைத்த ஒரு பெரியவர் இருந்தார். சாயங்காலம் குழாயடியில் குளிப்பார், நாங்கள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருப்போம். அவர் பிடரிக்குக் கீழே, தோள் தொடங்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். சோப்பு போடும்போது அந்த இடத்தில் மட்டும் கை நின்று நின்று போகும். நெஞ்சு தட்டைதான், வயிறு ஒட்டியிருக்கும், ஆனால் கெண்டைக்கால் இரண்டும் கருங்கல் மாதிரி. முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் கயிறு முறுக்கினாற்போல இருக்கும். சுமை தூக்குகிற உடம்பு என்றால் எனக்கு இன்றைக்கும் அவர்தான். நூறு கிலோ மூட்டை சுமந்தவர், சட்டை போட்டுவிட்டால் ஒல்லியான ஆள் என்றுதான் சொல்வோம்.

ஆர்யாவின் உடம்பு அப்படி இல்லை. படத்தில் கபிலன் முறையாகப் பயிற்சி எடுப்பதற்கு முன்பே சட்டைக்குள் தோளும் புஜமும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. சட்டையைக் கழற்றினால் வயிற்றில் கட்டம் கட்டமாகப் பிரிகிறது, கையில் நரம்பு ஓடுகிறது. மாதக்கணக்கில் அளந்து சாப்பிட்டு, புரோட்டீன் கணக்கு பார்த்து, மெஷினில் ஒவ்வொரு தசையாகத் தனித்தனியாக வேலை செய்து கொண்டுவருகிற இன்றைய ஜிம் உடம்பு அது. தண்டாலும் பஸ்கியும் கர்லா கட்டையும் ஸ்கிப்பிங் கயிறும் கொண்டு வளர்ந்த உடம்பு வேறு மாதிரி இருக்கும், தோளும் தொடையும் கனக்கும், வயிற்றில் மெல்லிசாக ஒரு கொழுப்புப் போர்வை இருக்கும், கோடு கோடாகப் பிரியாது. 70களின் குத்துச்சண்டைப் படங்களை எடுத்துப் பாருங்கள். 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மேனை வீழ்த்திய முகமது அலியின் உடம்பே வழவழவென்று நீளமாகத்தான் இருக்கும், இன்றைய சினிமாப் போஸ்டர் மாதிரி செதுக்கிவைத்தது போல இருக்காது. ரவுண்டு ரவுண்டாக மூச்சு தாங்க வேண்டிய உடம்புக்கும் ஒரு ஷாட்டுக்காகத் தண்ணீரைக் குறைத்து இறுக்கிக் காட்டுகிற உடம்புக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தக் காலத்து ஹார்பர் கூலிக்கு இந்த உடம்பை எந்தச் சாப்பாடு கொடுத்தது என்று படம் சொல்லவே இல்லை. துணி, வீடு, போஸ்டர், தட்டி என்று ஒவ்வொன்றிலும் காலத்தை இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த படத்தில், நாயகனின் உடம்பு மட்டும் 2021இல் நிற்கிறது. எனக்கு இது பெரிய குறை.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் இந்தக் குறை பாதி மறைந்துவிடுகிறது. ஆர்யா குத்துவிடுவது நடிப்பாகத் தெரியவில்லை. தாடையைத் தோளுக்குள் இறக்கி வைத்திருக்கிறார், குத்து இடுப்பிலிருந்து கிளம்பி வருகிறது, பின்கால் குதி தரையை விட்டு எழும்புகிறது. குத்துச்சண்டை தெரியாதவர்கள் கையால் மட்டும் வீசுவார்கள், பார்த்ததும் தெரிந்துவிடும். இங்கே அது இல்லை. நீண்ட தூர சைக்கிள் ஓட்டுகிற ஆள் என்பதாலோ என்னவோ காலும் மூச்சும் கடைசிவரை சோர்ந்தது போலத் தெரியவில்லை. (வாத்தியாரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும் அந்த ஷாட் ஊரெல்லாம் மீமாகச் சுற்றியதே, அதில்கூட மிதிப்பதில் ஒரு அலட்டல் இல்லாத பழக்கம் தெரியும்.)

எதிர்ப் பரம்பரையின் டான்சிங் ரோஸோடு கபிலன் போடும் சண்டை தனி. ஷபீர் கல்லரக்கல் யாரென்றே அன்றைக்கு நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது, முகத்தோடு சேர்ந்து வருகிற பழைய பிம்பம் ஒன்றும் இல்லை. அதனால் அவர் ரிங்குக்குள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து, தலையை மட்டும் நகர்த்தி அடியைத் தவிர்த்த முதல் நொடியிலேயே ரோஸாகவே ஆகிவிட்டார். உடம்பும் பாருங்கள், ஒல்லி, லேசு, ஸ்பிரிங் மாதிரி. அந்த ஆட்டத்துக்கு அந்த உடம்புதான் வேண்டும், ஒரு கிலோ சதை கூடினாலும் கெட்டுப்போயிருக்கும். ஆர்யாவுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அவர் முதலில் நம் மனசில் இருக்கிற ஆர்யாவை நாக் அவுட் செய்துவிட்டுத்தான் கபிலனாக வர முடியும். எதிர்ப் பரம்பரையின் பெரிய வீரன் வேம்புலியாக வரும் ஜான் கொக்கேனும் அப்படித்தான், அந்த அகலமும் முறைப்பும் எதிரே நிற்கும்போது ஆர்யாவின் உடம்பே கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது, அது படத்துக்கு உதவுகிறது.

இன்னும் படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த பத்தியையும் தாண்டிவிடுங்கள். வேம்புலியோடு முதல் மோதலில் கபிலன் ஜெயிக்கப்போகிற நேரத்தில் கலவரம் செய்து, ரிங்கிலேயே அவன் துணியை உருவி அம்மணமாக்குகிறார்கள். முதல் முறை பார்த்தபோது அதிர்ச்சி, அவ்வளவுதான். இந்த முறை வேறு ஒன்று உறைத்தது. அதுவரை கேமரா அந்த உடம்பைப் பெருமையாகக் காட்டியது, நாமும் விசில் அடிக்காத குறையாகப் பார்த்தோம். அதே உடம்பை, அதே வெளிச்சத்தில், அவமானப்படுத்தக் காட்டுகிறார்கள். எவ்வளவு கட்டுமஸ்தாக இருந்தாலும் சாதித் திமிர் பிடித்தவன் கண்ணுக்கு அது உரித்துப் பார்க்க வேண்டிய உடம்புதான். அந்த இடத்தில் ஆர்யா உடம்பைச் சுருட்டிக்கொள்கிறார், அவ்வளவு பெரிய தோள் எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

அதற்கப்புறம் ஜெயில், சாராயம், குடி. தொப்பையோடு, தாடியோடு, சட்டைப் பட்டன் திறந்துகிடக்க ஒரு கபிலன் வருகிறான் பாருங்கள், அவன்தான் என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் நிஜமான கபிலன். கன்னம் ஊதி, கண் உள்ளே போய், நாலு அடி எடுத்து வைத்தால் மூச்சு வாங்குகிறது. ஒரு நடிகர் வயிற்றைக் குறைத்துக் காட்டினால் நாம் கைதட்டுகிறோம், தள்ளிக்காட்டத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும், அதுவும் ஃபிட்னஸுக்குப் பேர்போன ஒருவருக்கு. அந்தப் பகுதியில் எனக்கு ஜிம்மும் ஞாபகம் வரவில்லை, 2021ம் ஞாபகம் வரவில்லை. மனைவி மாரியம்மாவாக வரும் துஷாரா விஜயன் முன்னால் அவர் நிற்கும்போது, மாரியம்மாவின் கோபத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அந்தத் தொப்பை உடம்பு பின்வாங்குகிறது. என்ன வசனம் பேசினார் என்பதே எனக்கு நினைவில்லை, நின்ற நிலை மட்டும் நிற்கிறது. ஆனால் அங்கிருந்து பழைய குத்துச்சண்டைக்காரர் பீடி ராயப்பனிடம் கடற்கரையில் பயிற்சி எடுத்து மறுபடி பழைய உடம்புக்குத் திரும்புவது ரொம்ப அவசரம். ஒரு பாட்டுக்குள் தொப்பை கரைந்து மறுபடி கட்டம் கட்டமாக வந்துவிடுகிறது. கொஞ்சம் தொப்பையோடே கடைசிச் சண்டைக்கு ஏறியிருந்தால் என்ன? வேம்புலி முன்னால் அந்த ஆபத்து எவ்வளவு உயிரோடு இருந்திருக்கும்!

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். இறுதிச்சுற்று படத்தில் ரித்திகா சிங் நிஜமாகவே சண்டைப் பயிற்சி உள்ளவர், உடம்பில் பொய்யே இல்லை, ஆனால் குரல் வேறொருவருடையது. அதே படத்தில் சாக்லேட் பையன் மாதவன் கொழுத்த தோளும் ஜடாமுடியுமாகக் கோச்சாக வந்து தன் பழைய பிம்பத்தை உடைத்தார். சார்பட்டாவில் இந்த இரண்டு வேலையையும் ஆர்யா ஒருவரே செய்ய வேண்டியிருந்தது. பிம்பத்தை உடைத்ததில் முழு வெற்றி. உடம்பில் முக்கால் வெற்றி. மெட்ராஸ் பாஷையில் பாதி என்றுதான் சொல்வேன், கோபத்தில் கத்தும்போது பொருந்துகிறது, சாதாரணமாகப் பேசும்போது வாய்க்கு வெளியே நிற்கிறது.

ரங்கன் வாத்தியாராக வரும் பசுபதியைச் சொல்லாமல் விட முடியாது. ரங்கன் வாத்தியார் உடம்பில் ஒரு தசையையும் காட்டவில்லை, வேட்டி சட்டைதான், ஒரு குத்துகூட விடத் தேவையில்லை. ஆனாலும் இந்தப் படத்தில் குத்துச்சண்டை வீரன் யார் என்று கேட்டால் முதலில் அவரைத்தான் கை காட்டுவேன், ஓரமாக நின்றபடி அந்தக் கண் குத்துகளை எண்ணுகிற விதம் அப்படி.

கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். போனில் பார்க்காதீர்கள், நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அதைப் போடுங்கள், சந்தோஷ் நாராயணன் இசையும் க்ளவுஸ் சத்தமும் அப்போதுதான் நெஞ்சில் இறங்கும். ஏற்கெனவே பார்த்தவர்கள் நேரமில்லையென்றால் டான்சிங் ரோஸ் சண்டையை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவீர்கள், தெரியும். இந்த முறை அப்படியே ஓட்டி, ஜெயிலிலிருந்து வந்த பிறகு வருகிற அந்தப் பகுதியையும் பாருங்கள், ஆர்யாவின் வயிற்றையும் தோளையும் கவனித்து.