பழைய நெட்டை வெட்டிவிட்டு கேபிள்காரர் ஃபைபருக்கு மாறினேன்: என் மார்க் ஐந்துக்கு நாலு

மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். மெட்ரோ வேலை ஆரம்பித்ததில் இருந்து மேடவாக்கம் ரோட்டில் யார் எங்கே பள்ளம் தோண்டினாலும் எங்கள் வீட்டு நெட் போய்விடும் என்று ஆகிவிட்டது. மூன்று வருஷமாக வைத்திருந்தது ஒரு பெரிய கம்பெனியின் ஃபைபர் கனெக்ஷன்தான் (கண்ணாடி இழை வழியாக ஒளியாக நெட் வருவது), பெயர் வேண்டாம். முதல் வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் மாதத்துக்கு இரண்டு தடவை மோடத்தில் எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் லைட் சிவப்பாக மின்ன ஆரம்பித்தது. அது மின்னினால் ஒளி வந்து சேரவில்லை, எங்கேயோ ஒயர் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். மோடத்தை எத்தனை தடவை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆனாலும் கஸ்டமர் கேரில் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வார்கள்.

கோபம் வந்தது நெட் போனதற்காக இல்லை. ரோட்டைத் தோண்டினால் ஒயர் அறுபடத்தான் செய்யும், அவர்கள் என்ன செய்வார்கள். புகார் கொடுத்த இரண்டாவது நாள், சிவப்பு லைட் என் கண் முன்னால் மின்னிக்கொண்டிருக்கும்போதே “உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது” என்று எஸ்எம்எஸ் வந்தது பாருங்கள், அங்கேதான் வெறுத்துவிட்டது. மனைவிக்கு வீட்டில் இருந்துதான் வேலை. மூன்று நாள் போன் ஹாட்ஸ்பாட்டில் மீட்டிங் ஓட்டிவிட்டு, “ஏங்க, இந்த வாரத்துக்குள்ள மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டார். மாற்றினேன். ஐந்து மாதம் ஆகிறது, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம்.

எதற்கு மாறுவது என்று யோசித்தபோது விளம்பரம், ஸ்பீடு ஒப்பீடு எதையும் பார்க்கவில்லை. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் நாலு வீட்டில் போய் ஒரே கேள்விதான் கேட்டேன்: போன தடவை நெட் போனபோது எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தான்? மூன்று வீட்டுக்காரர்கள் கேபிள்காரர் கனெக்ஷனைச் சொன்னார்கள். முன்பு டிவி கேபிள் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு கம்பெனியின் ஃபைபரை எங்கள் ஏரியாவுக்கு எடுத்து நடத்துகிறார். கம்பெனி பெயரை இங்கே எழுதினாலும் உங்களுக்கு உதவாது, அதே கம்பெனியை அடுத்த ஏரியாவில் வேறு ஆள் எடுத்திருப்பார், அவர் எப்படியோ. பில்லில் இருக்கிற பெயரை விட கம்பத்தில் ஏறுகிற ஆள் யார் என்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

100 எம்பிபிஎஸ் பிளான், மாதம் 600 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம், அதனால் 4,248 ரூபாய் கட்டினேன். பழையதற்கு மாதம் 943 கட்டிக்கொண்டிருந்தேன், அதில் ஓடிடி ஒன்று ஓசியில் வரும், இதில் அது கிடையாது. விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாதிப் பேர் சேர்க்காமல்தான் சொல்வார்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று நினைத்து ஏமாற வேண்டாம், அது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை எம்பி. எங்கள் வீட்டுக்கு அது போதும், மிஞ்சும்.

லைன் போட வந்த பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றான், பத்தே காலுக்கு வந்தான், அதுவே எனக்கு ஆச்சரியம். கம்பத்தில் இருந்து ஒயரை இழுத்து மொட்டை மாடி வழியாக ஜன்னல் ஓட்டைக்குக் கொண்டுவந்து, பால்கனியில் உட்கார்ந்து முனையைச் சீவி, மெஷினில் வைத்து ஒட்டினான். தலைமுடி கனம் கண்ணாடி இழை, அதை ஒட்டிவிட்டு, எவ்வளவு ஒளி வருகிறது என்று டெசிபல் கணக்கில் காட்டும் கையளவு பவர் மீட்டர் ஒன்றில் சொருகிக் காட்டினான்: மைனஸ் 19.6. “நல்லா இருக்கு சார்” என்றான். எவ்வளவு இருந்தால் நல்லது என்று கேட்டேன். ஜீரோவுக்குக் கிட்ட வர வர நல்லதாம், மைனஸ் 25 வரை கவலை இல்லை, 27-ஐத் தாண்டினால் மோடம் தடுமாற ஆரம்பிக்கும். எனக்கு ஒரு ஆசை வந்தது. “தம்பி, அந்தப் பழைய ஒயரையும் ஒரு தடவை செக் பண்ணிக் காட்டுறியா?” என்றேன். சிரித்துக்கொண்டே பழைய மோடத்தில் இருந்து ஒயரை உருவிச் சொருகினான். மைனஸ் 28.4. மூன்று டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும், இங்கே கிட்டத்தட்ட ஒன்பது வித்தியாசம், அதாவது புதிய லைனில் வருகிற ஒளியில் எட்டில் ஒரு பங்குதான் அதில் வந்துகொண்டிருக்கிறது. இரண்டு வருஷமாக எட்டு தடவையாவது ஆள் வந்து பார்த்திருப்பார்கள், ஒருவர்கூட மீட்டரை வெளியே எடுத்ததில்லை. நீங்கள் எந்தக் கம்பெனி போட்டாலும் சரி, லைன் போடுகிற அன்று அந்த எண்ணைக் கேட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தகராறு வந்தால் பேசுவதற்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

பழையதை உடனே நிறுத்தவில்லை. பத்து நாள் இரண்டும் ஓடட்டும் என்று விட்டேன், அந்தப் பத்து நாளுக்கான முன்னூறு ரூபாயை தண்டம் என்று நான் நினைக்கவில்லை. மழை ஒரு நாள் வந்தது, அதையும் பார்த்தாயிற்று. இன்னொன்று செய்தேன், அது உண்மையிலேயே நிம்மதி: புது மோடத்தில் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே எழுத்து மாறாமல் வைக்கச் சொல்லிவிட்டேன். பழைய மோடத்தை ஆஃப் செய்ததும் டிவி, இரண்டு லேப்டாப், வாசல் கேமரா, அம்மாவின் டேப் எல்லாம் தானாகப் புதியதைப் பிடித்துக்கொண்டன. அம்மாவுக்கு நெட் மாறியதே ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

இப்போது பழையதை நிறுத்திய கதை. போன் நம்பரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகும் வசதி 2011-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது, ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் மற்றதைப் புதுக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வீட்டு நெட்டுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. புதியதை வாங்குவது தனி வேலை, பழையதை அறுப்பது தனி வேலை, இரண்டாவதை நீங்களேதான் செய்ய வேண்டும். ஆப்பில் பிளானை உயர்த்துவதற்கு மூன்று இடத்தில் பட்டன் இருந்தது, நிறுத்துவதற்கு ஒரு இடத்திலும் இல்லை. போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பாட்டு கேள் என்று எல்லாம் முடிந்து ஒரு பெண் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். காரணம் கேட்டார், சொன்னேன். “சார், உங்களுக்காக மூணு மாசம் பாதி விலைக்குத் தர்றோம்” என்றார். மூன்று வருஷம் முழு விலைக்கு இருந்தபோது தோன்றாத பிரியம் இப்போது ஏன் வருகிறது என்று கேட்கத்தான் வாய் வந்தது, பாவம், அவர் என்ன செய்வார். “வேணாம்மா, ரிக்வெஸ்ட் நம்பர் மட்டும் குடுங்க” என்றேன். அந்த நம்பரை வாங்காமல் போனை வைக்காதீர்கள். வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் சேராது. அதே நாள் அதே நம்பரைப் போட்டு ஒரு இமெயிலும் அனுப்பினேன், இந்தத் தேதியில் இருந்து சேவை வேண்டாம், மோடத்தைத் திருப்பித் தரத் தயார், டெபாசிட்டை இந்த வங்கிக் கணக்கில் போடவும் என்று நாலு வரி. அதற்கப்புறம் இரண்டு நாளில் மூன்று பேர் கூப்பிட்டார்கள், ஒவ்வொருவரும் முந்தையவரை விட நல்ல விலை சொன்னார்கள். பேரம் பேசத் தெரிந்தவர்கள் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம், எனக்குப் பொறுமை இல்லை.

பலர் தப்பு செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. யூபிஐ ஆப்பில் போய் ஆட்டோபேயை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பணம் போவது நிற்கும், கனெக்ஷன் நிற்காது. மாதாமாதம் பில் ஏறிக்கொண்டே இருக்கும், ஆறு மாதம் கழித்து வசூல் ஆள் போன் செய்து மிரட்டும்போதுதான் தெரியும். என் மைத்துனருக்கு அப்படித்தான் ஆனது, ஊரை விட்டு மாறும்போது மோடத்தைப் பரணில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதனால் முதலில் நிறுத்தச் சொல்லி நம்பர் வாங்குவது, கடைசி பில்லைக் கட்டுவது, அப்புறம் ஆட்டோபேயை ரத்து செய்வது. ப்ரீபெய்டு என்றால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலே அடங்கிவிடும், ஆனால் அங்கேயும் மோடம் அவர்களுடையதாக இருந்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

மோடத்தை எடுக்க ஆள் வருவார் என்றார்கள். ஐந்து நாள் பார்த்தேன், வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு வேளச்சேரியில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்கே போனேன். கவுண்டரில் இருந்த பையன் வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு “சரி சார், நீங்க கிளம்பலாம்” என்றான். ரசீது கேட்டேன். சிஸ்டத்தில் ஏற்றிவிடுவோம் என்றான். ஏற்றும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். கடைசியில் ஒரு நோட்டில் இருந்து தாளைக் கிழித்து, மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பர், அடாப்டர் ஒன்று, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு சீலும் வைத்துக் கொடுத்தான். கிளம்பும் முன் வீட்டில் மோடத்தையும் அடாப்டரையும் சேர்த்து எடுத்த போட்டோவும் என்னிடம் இருந்தது. நல்லவேளை. அடுத்த மாதம் “அடாப்டர் வரவில்லை” என்று ஒரு போன், கூடவே 471 ரூபாய் பாக்கி என்று ஒரு பில். இரண்டுக்கும் வார்த்தை எதுவும் பேசாமல் போட்டோ, கிழிந்த தாள், சேவை நிறுத்தப்பட்டது என்று அவர்களே அனுப்பிய எஸ்எம்எஸ் மூன்றையும் இமெயிலில் அனுப்பினேன். பில்லை ரத்து செய்துவிட்டார்கள்.

டெபாசிட் ஆயிரம் ரூபாய்தான் கொஞ்சம் இழுத்தது. நிறுத்திய 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி, முன்பு 60 நாளாக இருந்தது, 2024-இல் குறைத்தார்கள். முப்பத்தைந்தாவது நாள் வரை ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு கம்பெனியிலும் கஸ்டமர் கேருக்கு மேலே மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும், 2012-இல் இருந்தே இந்த ஏற்பாடு உண்டு, அவருடைய இமெயில் அவர்கள் வெப்சைட்டில் எங்கேயாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். தேடி எடுத்து, புகார் நம்பரோடு எழுதினேன். நாற்பத்தோராவது நாள் பணம் வந்தது. வராமல் இருந்திருந்தால் 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிவதாக இருந்தேன், தேவைப்படவில்லை.

சரி, புதியது எப்படி? மோடத்தில் ஒயர் சொருகிப் பார்த்தால் 94, ஹாலில் வைஃபையில் 90 பக்கம், கடைசி பெட்ரூமில் 30. அது கம்பெனி குறை இல்லை, நடுவில் இரண்டு சுவர் இருக்கிறது. மனைவி வீட்டில் இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைகிற விபிஎன் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது. ஐந்து மாதத்தில் மூன்று தடவை நெட் போனது, இரண்டு தடவை அதே நாள் சரியானது, ஒரு தடவை ராத்திரி போய் மறுநாள் மதியம் வந்தது. புகாருக்கு நம்பர், எஸ்எம்எஸ் எதுவும் கிடையாது, அந்தப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் சிவப்பு லைட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் “வரேன் சார்” என்று பதில் வரும், வந்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க மாட்டான், அதற்கு ஒரு மார்க்கில் பாதி குறைத்தேன். மீதி அரை மார்க் பில்லுக்கு: ஜிஎஸ்டி ரசீதை ஆபீசில் காட்டி மனைவி பணம் வாங்க வேண்டும், அதை வாங்க நாலு தடவை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. வேலை வேலைதான், ரசீது ரசீதுதான் அண்ணே என்று கேபிள்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், அடுத்த ரீசார்ஜில் இருந்து ஒழுங்காகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய ஒயரைக் கழற்றிக்கொண்டு போக மட்டும் இன்றுவரை யாரும் வரவில்லை. மொட்டை மாடியில் இந்தக் கைப்பிடிச் சுவரில் இருந்து தண்ணீர் டேங்க் வரை நன்றாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அம்மா அதில் துண்டு காயப்போடுகிறார்.